உத்தரவு ஸ்தலம்

பெரிய பெரிய படிப்பாளிகள் நானூறு ஐநூறு வருடமாக உட்கார்ந்து பேசியும் தீராத ஒரு வழக்கை, எங்கள் தோட்டத்து லய வரிசை வீட்டு முன்னறையில் ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் தீர்த்துவிடலாம் என்று நாங்கள் உண்மையாகவே நம்பினோம். அப்பா, அம்மா, அத்தை, மாமா, நான். ஐந்து பேரில் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அப்போது பதினொரு வயது.

அப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டினார். கையெழுத்துப் போடுவார், அதையும் படம் வரைவதுபோல நாக்கைக் கடித்துக்கொண்டு போடுவார். அம்மாவை இரண்டாம் வகுப்போடு நிறுத்தித் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தம்பிதான் மாமா. அக்கா பார்த்துக்கொண்டும் மாமா பள்ளிக்கூடம் போகவில்லை என்பது வேறு கதை. அப்பாவின் அக்காவான அத்தை, தோட்டத்து மாதா கோயிலில் செபமாலை சொல்லிக் கொடுப்பவர். ஒரு மணி நேரச் செபத்தைக் காற்புள்ளி இல்லாமல் ஒப்பிப்பார். அதே செபத்தைப் புத்தகத்தில் காட்டி எந்த வரி என்று கேட்டால், கண்ணாடியை லயத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்பார். அத்தைக்குக் கண்ணாடியே கிடையாது.

நானோ கண்ணில் பட்டதையெல்லாம் வாசிப்பேன். உர மூட்டை, பகாவ் போகும் பஸ்ஸின் பின்பக்கம், மருந்து பாட்டிலில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்து, ஒன்றையும் விடமாட்டேன். எங்கள் குடும்பத்தில் பிறந்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

வழக்கு தாத்தாவைப் பற்றியது. அம்மாவின் அப்பா. அந்த வருடம் ஏப்ரலில் இறந்துபோனார். கோலா சாவா பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்திலேயே வாழ்ந்தவர், கடைசி மூன்று வருடம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவர். வாங்கிய கையோடு கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, நாற்பது வருடம் உள்ளே வராமலே இருந்துவிட்டார். நானும் அவரும் பின்பக்கக் குழாயடியில் சேர்ந்து குளிப்போம். அவர் இடுப்புக் கயிற்றில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளிக் குப்பி தொங்கும். தாயத்து. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில், பாம்பு அண்டாமல் இருக்க முனியாண்டி கோயிலில் கட்டியது என்றார். உங்க அம்மாகிட்டயும் மாமாகிட்டயும் மூச்சு விடாதே என்றார். நானும் விடவில்லை.

மாமா அந்த நேரத்தில் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேயே ஒரு சபையில் சேர்ந்து, குடியை விட்டு, முப்பது வயதில் 'அ' 'ஆ' படித்தவர். ஆளே மாறிப்போனார். முன்பெல்லாம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போது கோழிப் பொட்டலம் கையில் இருக்கும். இப்போது கோழிப் பொட்டலமும் இருக்கும், கறுப்பு ஜிப்பு உறை போட்ட வேதப் புத்தகமும் இருக்கும். எங்களையெல்லாம் மாதா கோயிலிலிருந்து இழுத்து வெளியே போடாமல் விடமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் தாத்தாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, ஏசுவை நம்புறீங்களாப்பா என்று மாமா கேட்டாராம். தாத்தா 'சரி, சரி' என்றாராம். இரண்டு தரம். அந்த இரண்டு 'சரி'யின் மேல்தான் மாமா நின்றுகொண்டிருந்தார். அப்பா ஏத்துக்கிட்டாரு, அது போதும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்த உடம்பைக் கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பாட்டியவரும் மாமாதான். முடித்துவிட்டு வெளியே வந்தவர் யாரிடமும் பேசாமல், ஒரு கையை இறுக்கி மூடியபடி செம்பனைக் காட்டுப் பக்கம் நடந்தார். ஒன்றுக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

நவம்பர் வந்தது. கல்லறைத் திருநாள் மாதம். அந்த மாதப் பூசைக்குச் சிரம்பானிலிருந்து ஃபாதர் வரும்போது, ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கும். பூசையில் அதை வரிசையாக வாசிப்பார்கள். அத்தை தாளோடு வந்து அம்மாவிடம், உங்க அப்பா பேரையும் எழுதிருவோம், பாவம், உத்தரிக்கிற ஸ்தலத்துல எத்தன நாளா இருக்காரோ என்றார்.

உத்தரிக்கிற ஸ்தலம் என்பது பாவத்தின் கறை தீருகிற வரைக்கும் ஆன்மாக்கள் காத்திருக்கும் இடம். இப்போது தெரியும். அன்றைக்கு என் காதில் விழுந்தது 'உத்தரவுக்குற ஸ்தலம்'. எனக்கு அதில் குழப்பமே இல்லை. நம் தோட்டத்து ஆபீஸ் வாசலில் ஒரு நீளப் பெஞ்சு கிடக்கிறதல்லவா, லீவு கேட்பவர்களும் வீட்டுக் கூரைக்குத் தகரம் கேட்பவர்களும் கணக்குப் பார்க்கும் கிராணியின் உத்தரவுக்காக உட்கார்ந்திருப்பார்களே, அதுதான். மோட்சத்தின் வாசலிலும் அப்படி ஒரு பெஞ்சு. தாத்தா சட்டையைச் சரியாகப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே கிராணி பெயர்ப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். இங்கே நாம் பெயரை வாசித்தால் அங்கே கூப்பிடுவார்கள். இதைவிட நேர்மையான ஏற்பாடு வேறு இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை வந்த மாமா, தாளைப் பார்த்ததும் முகம் மாறிப்போனார்.

"அப்பா பேர அதுல எழுதாதக்கா" என்றார். "செபம் பண்ணா என்ன அர்த்தம்? அவரு இன்னும் போய்ச் சேரலைன்னு பெத்த புள்ளைங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா."

அம்மா, பேரை எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். மாமா விடவில்லை. நம்பிக்கையினால் ரட்சிப்பு, அதோடு முடிந்தது, செத்த பிறகு கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது என்றார். வேதத்தில் இல்லாததை மனிதர்கள் சேர்த்துக்கொண்டார்கள் என்றார். அத்தை, அப்போஸ்தலர் காலத்திலிருந்து வழிவழியாக வருகிறது தம்பி, நேற்று முளைத்ததா என்றார். வழிவழியா வந்தா சரியாயிருமா, கள்ளுகூடத்தான் வழிவழியா வருது என்றார் மாமா. அது அத்தையின் கணவரைத் தொட்டுவிட்டது. கள்ளிலேயே போய்ச் சேர்ந்த அவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறவர்.

சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அப்பாதான் தீர்ப்புச் சொன்னார். அடுத்த ஞாயிறு பூசையும் இல்லை, மாமாவுக்கு ஷிப்டும் இல்லை. இரண்டு புத்தகத்தையும் எடுத்து வைப்போம். இவன் வாசிக்கட்டும். செத்தவர்களுக்குச் செபம் பண்ணலாம் என்று வேதத்தில் இருந்தால் பெயரை எழுதுவது, இல்லையென்றால் விடுவது. ரெண்டு பேருக்கும் சம்மதமா?

சம்மதம் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. 'இவன் வாசிக்கட்டும்.'

அந்த ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிட்டதாக ஞாபகமில்லை. எங்கள் வீட்டு வேதப் புத்தகம் அம்மா அப்பா கல்யாணத்துக்குக் கோயிலில் கொடுத்தது. மாதா படத்துக்குக் கீழே பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அதைத் திறந்தால் என்னுடைய பிறப்புப் பத்திரம், அப்பாவின் பழைய லைசென்சு, ஒரு தடுப்பூசி அட்டை எல்லாம் விழும். மற்றபடி யாரும் திறந்ததில்லை. நான் பள்ளிவிட்டு வந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு பெயரைச் சொல்லி, ஐந்து எண்ணுவதற்குள் பக்கத்தைப் பிடிக்கப் பழகினேன். நாள்காட்டித் தாளைக் கிழித்து அதற்குள் இருக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அடையாள நாக்கு வைத்தேன். மத்தேயு ஐந்து எண்ணுவதற்குள். ரோமர் நான்கு. எசேக்கியேல் மூன்று. அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு தரம் மட்டும், அதுல தாத்தா மாதிரி ஆளப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா என்று கேட்டார். நான் அவசரத்தில், தாத்தா பேரெல்லாம் இருக்காதும்மா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு மாமா வந்துவிட்டார். சட்டையை உள்ளே விட்டு, பெல்ட்டு போட்டிருந்தார். அத்தை நல்ல சேலை கட்டி, கையில் செபமாலையைச் சுற்றிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு லோரிக்காரர் அழைக்காமலே வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். அவர் மாரியம்மன் கோயில் கமிட்டி. பெட்மிண்டன் பைத்தியம். யாராவது மார்க் போடணும்ல என்று சொல்லி, கொடியிலிருந்த துணிக்கிளிப்புகளை எடுத்து நீலம் மாமாவுக்கு, சிவப்பு அத்தைக்கு என்று பிரித்து வைத்தார்.

முதல் சர்வீஸ் மாமாவுடையது. எபேசியர், இரண்டாம் அதிகாரம். நான் மூன்று எண்ணுவதற்குள் பிடித்தேன். மனிதன் தன் செயல்களால் அல்ல, நம்பிக்கையின் வழியாக இலவசமாக மீட்கப்படுகிறான் என்பது சாரம். இரண்டு புத்தகத்திலும் வாசிக்கச் சொன்னார்கள். மாமா புத்தகத்தில் 'கிருபை' என்று இருந்த இடத்தில் எங்கள் புத்தகத்தில் 'அருள்' என்று இருந்தது. சொல்தான் வேறு, சரக்கு ஒன்றுதான் என்று அத்தையே ஒப்புக்கொண்டார். லோரிக்காரர் ஒரு நீலக் கிளிப்பைக் கொடியில் மாட்டினார்.

அத்தை விடுவாரா? யாக்கோபுவை எடுக்கச் சொன்னார். செயல் இல்லாத நம்பிக்கை செத்தது என்று நான் உரக்க வாசித்தேன். சிவப்பு ஒன்று.

மாமா சிரித்தார். அவர் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். "குலை தள்றதாலயா செம்பனை மரம் உசுரோட இருக்கு? உசுரோட இருக்கறதால குலை தள்ளுது. மொதல்ல உசுரு. அதான் நம்பிக்கை."

"சரி தம்பி. குலையே தள்ளாத மரத்தத் தோட்டத்துல என்ன செய்வாங்க?" என்றார் அத்தை.

அப்பா வாயைத் திறந்து, "மருந்து வச்சிக் கொன்னுருவாங்க" என்றார். டிராக்டர்காரர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. இருவரும் ஒரே மரத்தைத்தான் சொல்கிறீர்கள் என்று லோரிக்காரர் ஆளுக்கொரு கிளிப் மாட்டினார். இரண்டுக்கு இரண்டு. எனக்கு உள்ளங்கை வேர்த்து, பக்கம் ஒட்டிக்கொண்டது.

பிறகு புனிதர்களிடம் செபிப்பது பற்றி வந்தது. அத்தை ஆபீஸ் நியாயத்தைச் சொன்னார். மானேஜரிடம் எதுவும் ஆகவேண்டுமென்றால் நாம் வேலை வாங்கும் மண்டோரிடம்தானே சொல்கிறோம். மண்டோர் நல்லவராக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவைப்பார். அந்தோணியார் அப்படித்தான். எனக்கு அது பளிச்சென்று பிடித்தது. பெஞ்சு, கிராணி, மண்டோர், எல்லாம் கூடிவந்தது. ஆனால் மாமா, மானேஜருடைய மகனே நேராக லயத்துக்கு வந்து, வாங்க கூட்டிட்டுப் போறேன் என்று கையைப் பிடிக்கும்போது நடுவில் மண்டோர் எதற்கு என்று கேட்டார். அதுவும் பளிச்சென்று இருந்தது. நான் யார் பக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை. பேசுகிறவர் பக்கமெல்லாம் இருந்தேன்.

"அந்த மகனுக்கு ஒரு தாய் இருக்காங்கல்ல?" என்றார் அத்தை. "கல்யாண வீட்டுல ரசம் தீர்ந்துபோச்சுன்னு மகன்கிட்ட எடுத்துச் சொன்னது யாரு?"

லோரிக்காரர் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ரசம் தீர்ந்ததற்கா சாமியைக் கூப்பிட்டார்கள், கொஞ்சம் புளித்தண்ணி ஊற்றியிருக்கலாமே என்றார். அது திராட்சை ரசம் என்று விளக்கி முடிப்பதற்குள் அம்மாகூடச் சிரித்துவிட்டார். தாத்தா போனதற்குப் பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்றுக்கு மூன்று. மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பந்தைப் போட்டார். சுற்றி வளைக்க வேண்டாம், செத்தவர்களுக்காகச் செபம் பண்ணலாம் என்று வேதத்தில் ஒரு இடம் காட்டுங்கள், ஒன்றே ஒன்று, நான் எழுந்து போய்விடுகிறேன்.

அத்தை சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். ஃபாதரிடம் போன் போட்டுக் கேட்டு, யாரையோ விட்டு எழுதி வாங்கி வைத்திருந்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அத்தைக்கும் தெரியாது. பெயரும் எண்ணும்தான். மக்கபேயர் இரண்டாம் புத்தகம், பன்னிரண்டாம் அதிகாரம், முப்பத்தெட்டிலிருந்து.

நான் மாமாவின் புத்தகத்தை எடுத்துப் பொருளடக்கத்தில் விரலை ஓட்டினேன். இல்லை. மறுபடி ஓட்டினேன். மல்கியா, அடுத்தது மத்தேயு. எங்கள் புத்தகத்தில் பார்த்தேன். அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. பக்கத்திலேயே இன்னும் சில பெயர்கள். எண்ணினேன். மாமாவுடையது அறுபத்தாறு. எங்களுடையது எழுபத்து மூன்று.

"மாமா, ஒங்க புத்தகத்துல ஏழு விட்டுப்போச்சு" என்றேன். "கடையில குடுத்து மாத்திருங்க மாமா, வாரண்டி இருக்கும்."

உண்மையான அக்கறையோடுதான் சொன்னேன். ஏமாற்றிவிட்டார்களே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. மாமா, விட்டுப்போகவில்லை மருமகனே, உங்கள் புத்தகத்தில்தான் ஏழு கூடுதலாகச் சொருகியிருக்கிறார்கள் என்றார். அத்தை, இருந்ததை எடுத்தது நீங்கள் என்றார். சொருகினது, எடுத்தது, சொருகினது, எடுத்தது என்று பந்து கொஞ்ச நேரம் போய்வந்தது.

அப்பா அவ்வளவு நேரமும் பொருளடக்கப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசிக்கத் தெரியாதவர் எதற்கு அதைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, "எது எது வேதம்னு இந்தப் பக்கத்துலதான இருக்கு. இந்தப் பக்கத்த யாரு எழுதுனா?" என்று கேட்டார்.

மாமா, ஆவியானவர் என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அத்தை, சபை என்று தொடங்கி, எந்தச் சபை என்று அப்பா கேட்டுவிடுவார் என்று நிறுத்திக்கொண்டார். இன்றைக்கு எனக்கு ஓரளவு பதில் தெரியும். யூதர்கள் எபிரேயத்தில் வைத்திருந்த பட்டியலை ஒரு பக்கத்தார் பிடித்துக்கொண்டார்கள். ஆதிக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்தில் வாசித்துவந்த பட்டியலை மறுபக்கத்தார் விடவில்லை. கல்லூரி நூலகத்தில் இதைப் படித்த அன்றைக்கு, அப்பா கேட்ட அதே கேள்வி அங்கே தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டேன்.

சரி, என்னதான் இருக்கிறது, வாசிடா என்றார் அம்மா. அதுவரைக்கும் அம்மா போட்டியில் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

நான் வாசித்தேன். போர் முடிந்திருக்கிறது. யூதா என்கிற தளபதியும் ஆட்களும், செத்துக் கிடக்கும் தங்கள் வீரர்களை எடுத்துப் புதைக்கப் போகிறார்கள். உடம்பைத் தூக்கும்போது பார்க்கிறார்கள், ஒவ்வொருவரின் ஆடைக்குள்ளேயும் வேற்றுத் தெய்வங்களின் தாயத்து. தாயத்து என்றுதான் போட்டிருந்தது. எனக்கு அந்தச் சொல்லைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பழைய புத்தகத்தில், இவ்வளவு தூர தேசத்தில், எனக்குத் தெரிந்த ஒரு பொருள்!

"தாத்தா இடுப்புல கட்டியிருந்தாரே, அதே மாதிரி" என்று கத்திவிட்டேன்.

அம்மா என்னைப் பார்த்தார். எந்த இடுப்பில், என்ன சொல்கிறாய் என்றார். தாத்தாவுக்குக் கொடுத்த வாக்கு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அம்மா என்னை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா" என்றார். "குளிப்பாட்டும்போது பாத்தேன். நான்தான் அறுத்தேன்."

அத்தை செபமாலையைக் கைக்குள் சுருட்டி மூடிக்கொண்டார். நான் தப்பை மறைக்க அவசர அவசரமாக மீதியை வாசித்தேன். அந்த ஆட்கள் செத்தவர்களைத் திட்டவில்லை. எல்லாரும் கூடி, இந்தப் பாவம் துடைக்கப்பட வேண்டும் என்று மன்றாடுகிறார்கள். தளபதி காணிக்கை சேர்த்து, செத்துப்போனவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்புகிறார். அவர்கள் மறுபடி எழுவார்கள் என்று நம்பியதால் அப்படிச் செய்தாராம். அது நல்ல எண்ணம் என்று புத்தகம் சொல்கிறது.

முடிந்தது. தெளிவாக இருந்தது. செத்தவர்களுக்குச் செபம். வேதத்தில் இருக்கிறது. லோரிக்காரர் ஒரு சிவப்புக் கிளிப்பை எடுத்துக் கொடிப் பக்கம் கையை நீட்டினார். அப்பா அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தார். எனக்கு அது அநியாயமாகப் பட்டது.

"மறுபடி படி மருமவனே" என்றார் மாமா. "மெதுவா."

தோற்றவர்கள் இப்படித்தான் ரீப்ளே கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். மெதுவாக, ஒரு எழுத்து பிசகாமல், ஓட்டை எதுவும் கிடைக்காதபடி வாசித்தேன். மூன்றாம் தரமும் கேட்டார். வாசித்தேன்.

அம்மா அத்தையிடமிருந்து தாளை வாங்கி என் முன்னால் வைத்தார். நான் தாத்தாவின் பெயரை எழுதினேன். மாமா தடுக்கவில்லை. எழுது என்றும் சொல்லவில்லை. நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, எனக்கும் ஒன்று எழுதிக் கொடு என்றார். பெயர் இல்லை, அந்தப் பகுதியை. முழுசாக.

"பெருசா எழுது" என்றார்.

சபையில் பாஸ்டரிடம் காட்டி அப்பீலுக்குப் போகப்போகிறார், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதனால் பரீட்சைத்தாள்போல எழுதினேன். மேலே அதிகாரம், வசன எண். ஓரத்தில் சிவப்புக் கோடு. தாயத்து என்கிற சொல்லுக்கு அடிக்கோடு. மாமா அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

அந்தத் தாளை நான் மறுபடி பார்த்தது போன வருடம். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் இன்னும் அதே சபைதான். இன்னும் என்னை இழுத்து வெளியே போடத்தான் பார்க்கிறார். ஏதோ வசனம் காட்டுவதற்காக ஜிப்பைத் திறந்தபோது புத்தகம் தானாகவே ஒரு இடத்தில் விரிந்தது. மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவில். மடிப்புகள் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டி, என்னுடைய பதினொரு வயதுக் கொட்டை எழுத்து. அச்செழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிக்கிறவருக்கு அந்த அளவுதான் வசதி. நான் உற்சாகமாக, அந்த ஏழு புத்தகம் எங்கிருந்து வந்தது, எப்படி விடுபட்டது என்று விளக்கத் தொடங்கினேன். நல்ல விளக்கம்தான். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாளை எடுத்த இடத்திலேயே வைத்து ஜிப்பை இழுத்தார்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும். போட்டிக்கு அடுத்த ஞாயிறு கோயிலில் பூசை. எனக்கு அதன் முன்னால் திருவிழாவே தோற்றது. ஃபாதர் பட்டியலை எடுத்து, காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல ஒவ்வொன்றாக வாசித்தார். அத்தையின் கணவர் பெயர் வந்தது. தாத்தாவின் பெயர் வந்தது. நான் முட்டி போட்டபடியே தாத்தா பெஞ்சிலிருந்து எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தேன். திரும்பினேன். கோயில் வாசலில், தாத்தா நாற்பது வருடம் உட்கார்ந்திருந்த செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மாமா நின்றிருந்தார்.

பூசை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே ஓடினேன். அக்காவை வீட்டில் இறக்கிவிட வந்தேன் என்றார். எங்கள் லயம் கோயிலிலிருந்து கூப்பிடு தூரம்.

"தாத்தா பேரு வாசிச்சாங்களா?"

வாசித்தார்கள் என்றேன்.

"வெறும் பேரா, அவுங்கப்பா பேரோட சேத்தா?" என்று கேட்டார். அதே பேரில் இன்னொருத்தர் இருந்துவிட்டால் என்ன செய்வது என்றார்.

தோற்ற பிறகும் ரூல் பார்க்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பன் பேரோடு சேர்த்துத்தான், நான்தான் எழுதினேன், ஒரு எழுத்துகூடப் பிசகாது என்றேன். மாமா தலையை ஆட்டினார். மோட்டாரை உதைக்கக்கூட இல்லை. அதற்குள் ஹெல்மெட்டை மாட்டி, கறுப்புக் கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டார். வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மா வந்து பின்னால் ஏறி, அவர் தோளில் கையை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் வண்டி கிளம்பவில்லை.

ஆட்டத்தில் தோற்றவர் முகத்தை மறைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். அதனால் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்கு நேராகப் போய் நின்று, அவருக்கு நன்றாகத் தெரியும்படி விரல்களைத் தூக்கிக் காட்டினேன். நாலுக்கு மூன்று.